பட்டி பூசிய இரும்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் கணவனின் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நகத்தால் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினாள். பெயின்ட் மட்டும் வரவில்லை. அதற்குக் கீழே ஒளிந்திருந்த பட்டியும் மாவு மாவாக உதிர்ந்து அவள் கழுத்தில் விழுந்தது. கதவிலும் மேசையிலும் ஆணிக்குழியை மறைக்கப் பூசுகிற அதே பட்டி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். சேஸிஸ் வெல்டிங்கைப் பட்டியில் மறைத்தவனோடு பன்னிரண்டு வருடமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

நேற்று சாயங்காலம் கணவனும் அவளுடைய அண்ணனும் வண்டி நிறைய மணல் மூட்டை ஏற்றி, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் மேடுபள்ளம் பார்க்காமல் ஓட்டிவிட்டு வந்தார்கள். “கல்லு மாதிரி நிக்குது மாப்ள” என்று அண்ணன் சக்கரத்தை உதைத்துக் காட்டினான். இருவரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். இன்று காலை துணி உலர்த்த வந்தவள், பின்சக்கரத்துக்கு முன்னால், பெயின்டில் ஒரு கோட்டைப் பார்த்தாள். தலைமுடி ஒன்று ஒட்டியிருப்பதுபோல இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். முடியாக இருந்தால் வந்திருக்கும்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது. பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. கணவனுக்கு மரவேலை. மலைமேல் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது பெஞ்சு செய்து முடித்திருந்தான். நாளை திங்கட்கிழமை காலையில் அண்ணனும் அவனும் முதல் நடையாகப் பதினைந்து பெஞ்சைக் கொண்டுபோய் இறக்குவதாக ஏற்பாடு. அந்தப் பாதையில் கடைசி ஒன்பது கிலோமீட்டருக்குத் தார் கிடையாது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அவளுக்கு உலகத்தில் இருக்கிற இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே வண்டியில் அந்த ஒன்றுமில்லாததின் ஓரமாகப் போகப்போகிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில், பின்பக்க ஸ்பிரிங் வந்து மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல் இருப்பதை அண்ணன்தான் கண்டுபிடித்தான். அவன் டயர் கடை வைத்திருப்பவன். டயர் மாற்றும்போது பார்த்துவிட்டான். பட்டறையில் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். “இரும்ப ஒட்ட ஒரு மாசமா? பலாக்கட்டையையே வளைச்சு நாற்காலி பண்றவன் நான்” என்று கணவன் வெல்டிங் மிஷினை இரவல் வாங்கி வந்தான். அண்ணன் ஜாக்கியும் இரும்பு முக்காலிகளும் கொண்டுவந்தான். ஸ்பிரிங்கிலும் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள், பின்பக்கம் தாழாமல் இருக்கட்டும் என்று. வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகை மூன்று வாரமாகப் புகையும் சிரிப்புமாகக் கிடந்தது.

அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்கு என்ன வேலை என்று தெரியாதவர்களா அவர்கள்? கொதிகலன் செய்கிற தொழிற்சாலையில் அவள் வெல்டிங் பரிசோதகர். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது இணைப்புகளைப் பார்ப்பாள். சரியில்லாததன்மேல் சிவப்பு சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள். மீசை நரைத்த வெல்டர்கள்கூட அந்த வட்டத்தைக் கண்டால் முகமூடியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிவார்கள். வீட்டில் அது ஒரு கேலிப்பேச்சு. “பாக்குறதுக்குச் சம்பளம் குடுக்கிற ஒரே கம்பெனி அதான்” என்பான் அண்ணன். சின்ன வயதிலிருந்தே அவள் எதிலும் குறை கண்டுபிடிப்பாள் என்று அவளுக்கு அவன் வைத்த பெயர் ‘நொட்டை’.

அவள் சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். முதல் நாளே பார்த்தாள். விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் முனையில் ஒரு துளை போடவேண்டும். கணவன் அதைச் செய்யாமல், அப்படியே மேலே தகடு வைத்து மூடினான். தகட்டின் இரண்டு ஓரத்தையும் மூலைமட்டம் வைத்து நேர்செங்குத்தாக வெட்டியிருந்தான். மரத்தில் அதுதான் அழகு. இரும்பில் அந்தச் செங்குத்துக் கோடுதான் கிழிகிற கோடு. தகடு போட்ட இடம் விறைத்து நிற்கும், போடாத இடம் வளையும், இரண்டுக்கும் நடுவில் அந்த ஒற்றைக் கோட்டில் மொத்தப் பாரமும் வந்து உட்காரும். தகட்டின் முனைகளைச் சரிவாக வெட்டவேண்டும் என்பது வெல்டிங் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பது. அதற்கப்புறம் அவன் செய்ததுதான் உச்சம். மேடாக நின்ற வெல்டிங்கைக் கிரைண்டரால் தேய்த்தான். தேய்த்துத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, விரலால் தடவி, இணைப்பே தெரியாமல் செய்தான். “எங்க ஒட்டிருக்குன்னு சொல்லு பாப்போம்” என்று அண்ணனிடம் சவால்விட்டான். ஒட்டிய இரும்பையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கடவுளாலும் சொல்லமுடியாது. பட்டி பூசியதை மட்டும் அவள் பார்க்கவில்லை.

பார்த்தாள், சொல்லவில்லை. கேட்கட்டும், சொல்கிறேன் என்று இருந்துவிட்டாள். தொழிற்சாலையில் அப்படி ஒரு வழக்கம். முதல் அடுக்கு வெல்டிங் முடிந்ததும் வேலையை நிறுத்திப் பரிசோதகரைக் கூப்பிடவேண்டும். கூப்பிடாத இடத்துக்கு அவள் போகமாட்டாள். கூப்பிடாமல் அடுத்த அடுக்கைப் போட்டுவிட்டார்கள் என்றால் மொத்தத்தையும் அறுக்கச் சொல்லிவிடுவாள். போதாததற்குப் பழைய கதை ஒன்றும் இருந்தது. கல்யாணமான புதிதில், உறவுக்காரர் வீட்டில், அவன் செய்துகொடுத்த மேசை ஆடுகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். ஒன்பது நாள் அவன் பேசவில்லை. அன்றிலிருந்து அவன் கைவேலையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருந்தாள்.

இவையெல்லாம் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். இப்போது கழுத்தெல்லாம் பட்டியோடு கிடக்கையில் அவற்றுக்குக் கீழே இன்னொன்றும் தட்டுப்பட்டது. அதை அவள் அவசரமாக மூடிவிட்டாள்.

“என்ன நொட்டை, லீவு நாள்லயும் ஓவர்டைமா?” அண்ணனின் செருப்பு வந்து தலைமாட்டில் நின்றது.

“அண்ணா, வாய மூடிக்கிட்டு அந்தச் சக்கரத்தக் கழட்டு.”

“நேத்துதானம்மா மாட்டினோம்.”

“கழட்டுன்னா கழட்டு.”

அவள் குரலில் ஏதோ இருந்திருக்கவேண்டும். அவன் ஜாக்கியை எடுக்கப் போனான். பெஞ்சு கட்டுவதற்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கணவன் சத்தம் கேட்டு வந்தான்.

“என்ன பண்ற அங்க?”

“உங்க பட்டிய நோண்டுறேன்.”

“பெயின்டச் சுரண்டாத. ரெண்டு கோட் அடிச்சிருக்கேன்.”

“ரெண்டு கோட் பெயின்ட்லயா முப்பது பெஞ்சு நிக்கப்போவுது?”

“முதல்ல பதினஞ்சுதான்” என்றான் அவன். கோபம் தலைக்கேறியிருந்த நேரத்திலும், இந்த மனுஷன் எதற்குக் கணக்குச் சொல்கிறான் பார் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் தன் வேலைப் பையைக் கொண்டுவந்தாள். தின்னரால் இரும்பு தெரியும்வரை துடைத்தாள். சிவப்புச் சாயத்தை அடித்தாள். கண்ணுக்குத் தெரியாத பிளவு இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். மேலே துடைத்துவிட்டு வெள்ளை மருந்து அடித்தால் உள்ளே போனது திரும்பிக் கசிந்து காட்டிக்கொடுக்கும். இறங்குவதற்குப் பத்து நிமிடம் கொடுக்கவேண்டும்.

“வண்டிக்கு உதட்டுச்சாயம் பூசுறா மாப்ள. உனக்கு இனிமே போட்டிதான்” என்றான் அண்ணன். கணவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குள் நெருப்புக்குச்சியை உரசியது. அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு சிரமம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. தொழிற்சாலையில் அவளுக்குக் கோபமே வருவதில்லை. அங்கே தப்பு என்பது ஒரு அளவு, ஒரு வட்டம், ஒரு கையெழுத்து. இங்கே அதற்கு முகம் இருந்தது. காலையில் காபி கேட்ட முகம்.

துடைத்தாள். வெள்ளை அடித்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

வெள்ளைமேல் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. புள்ளிகள் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்தன. தகட்டின் செங்குத்து ஓரத்தை ஒட்டியே, மேலிருந்து பாதிவரைக்கும், அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு.

“கல்லு பட்டுக் கீறியிருக்கும்” என்றான் அண்ணன், குரல் இறங்கி.

“கல்லு ஸ்கேல் வச்சா கீறும்?”

கணவன் அந்தக் கோட்டைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. காது மடல் சிவந்திருந்தது. அப்போது மட்டும் அவன் சும்மா இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

“முடி அளவுதான இருக்கு” என்றான். “நாளைக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடுறோம். மெதுவா ஓட்டுறேன். வந்து பிரிச்சு ஒட்டிக்கலாம். பிள்ளைங்க தரையில உக்காந்து படிக்குதுங்கன்னு ஹெட்மாஸ்டர் தெனம் போன் பண்றாரு.”

“ஒரு தடவை.”

“ஒரே ஒரு தடவை.”

“கொதிகலனும் ஒரு தடவைதாங்க வெடிக்கும்.”

“ஆரம்பிச்சிட்டியா. எல்லாத்துலயும் உனக்கு உன் பேக்டரிதான். ரெண்டு பட்டை சேர்த்து, மூணு வாரம் முதுகு ஒடிய வேலை பாத்திருக்கோம். நீ பாட்டுக்கு ஒரு டப்பாவைக் கொண்டாந்து அடிச்சிட்டு ஆகாதுன்னா?” அவன் கயிற்றைக் கீழே போட்டான். “பாக்குறவளுக்கு என்ன தெரியும், செய்யறவன் கஷ்டம்?”

அண்ணன் வானத்தைப் பார்த்தான்.

பரிசோதகர் ஆகும் முன்பு நாலு வருடம் அவள் முகமூடி மாட்டி வெல்டிங் செய்தவள். முழங்கையில் இன்னும் தீப்பொறித் தழும்பு இருக்கிறது. அதன்மேல் தலைவைத்துப் படுக்கிற மனிதனுக்கு அது எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. சோதிப்பவர் கைவைக்கக் கூடாது என்பது தொழிற்சாலை விதி. பன்னிரண்டு வருடத்தில் அவள் அதை மீறியதே இல்லை.

எழுந்து போனாள். அவ்வளவு கோபத்திலும் வரிசை தவறவில்லை: பேட்டரியைக் கழற்றினாள், டீசல் குழாய்மேல் நனைத்த சாக்கைப் போட்டாள், கண்ணாடியை மாட்டினாள், கிரைண்டரில் அறுக்கும் தட்டை மாற்றினாள்.

“ஏய், என்ன பண்ணப்போற?” என்றான் கணவன்.

“தள்ளி நில்லுங்க.”

“மச்சான், இவளைச் சொல்லுங்களேன்.”

“நீ கட்டின பொண்டாட்டி, நீ சொல்லு” என்று அண்ணன் இரண்டடி பின்னால் போனான்.

கிரைண்டர் அலறியது. தகட்டின் மேல் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். பொறி தரையெங்கும் சிதறியது. கணவன் ஏதோ கத்தினான். கேட்கவில்லை, கேட்கவும் விருப்பமில்லை. முதல் நாளிலிருந்து விழுங்கிய ஒவ்வொரு சொல்லும் கைவழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நின்ற ஒவ்வொரு சாயங்காலமும். நொட்டை. பாக்குறவ. மேசைக்காகப் பேசாமல் இருந்த ஒன்பது நாள். எத்தனை வருடமாகத் தன் அறிவைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு இந்த வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறாள்! மேல் ஓரம் முடிந்தது. செங்குத்து ஓரங்கள் இரண்டும் வைத்த உடனே விட்டுக்கொண்டன. கீழ் ஓரத்தை அறுக்க வேண்டியிருக்கவில்லை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றரைச் சாண் நீளமுள்ள அந்தத் தகடு, மூன்று வார உழைப்பு, ‘டங்’ என்று சிமென்ட் தரையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

கிரைண்டர் நின்றது.

அந்த இடத்தில் பழைய விரிசல் இருந்தது. ஒரு விரற்கடையாக இருக்கும்போது மூடியது, இப்போது நாலு விரற்கடை. சேஸிஸின் அடி விளிம்பைத் தொட இன்னும் ஒரு நகம்தான் பாக்கி.

அண்ணன் குந்தி உட்கார்ந்து விரிசல்மேல் விரலை வைத்தான், சூடு பட்டதும் எடுத்தான். “நேத்து நான்தான் ஓட்டுனேன்” என்றான், யாரிடமோ.

கணவன் தகட்டைக் குனிந்து எடுத்தான். திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் வெல்டிங் என்று ஒன்று காகிதக் கனத்துக்குத்தான் மிஞ்சியிருந்தது.

“மொத நாளே ஏன் சொல்லல?” என்றான்.

“கேட்டீங்களா?”

“தினமும் ஜன்னல்ல நின்னு பாத்தியே. நான் பாக்கலைன்னு நெனச்சியா?” அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். “தப்பா இருந்தா இவ சும்மா விடமாட்டாளேன்னு நெனச்சேன். ஆணி கோணலா இருந்தாலே உனக்குத் தூக்கம் வராது. மூணு வாரம் நீ ஒண்ணும் சொல்லல. அப்ப சரியா இருக்குன்னுதான் பெயின்டே அடிச்சேன்.”

கிரைண்டரின் சூடு இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. தொழிற்சாலையில் அவள் வாய் திறக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று பொருள். கையெழுத்து விழாத எதுவும் வாசலைத் தாண்டாது. இந்த வீட்டில் அவள் பேசாமல் இருந்ததையே கையெழுத்தாக எடுத்துக்கொண்டு ஒருவன் பெயின்ட் டப்பாவைத் திறந்திருக்கிறான்.

“பழிய என்மேல போடாதீங்க” என்றாள். “விரிசல்ல துளை போடாதது நானா? பட்டி பூசினது நானா?”

சரியான பதில்தான். ஆனால் சற்றுமுன் அவசரமாக மூடி வைத்தது இப்போது மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவன் தப்புச் செய்வதை ஜன்னலில் நின்று பார்த்தபோது அவளுக்கு ஒரு ருசி இருந்தது. உடையட்டும், உடைந்தபிறகு வந்து கேட்பான், அப்போது சொல்வேன் என்ற ருசி. உடைகிறபோது அவன் எங்கே இருப்பான் என்பதை அந்த ருசி யோசிக்கவில்லை. அண்ணன் இருப்பான் என்பதையும் யோசிக்கவில்லை. அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. தன்மேல் வந்த கோபம் அதன் பக்கத்திலேயே இடம்பிடித்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

கணவன் போனை எடுத்தான். கொட்டகையின் தூணில் சாய்ந்துகொண்டு தலைமையாசிரியரை அழைத்தான்.

“சார், வணக்கம். நாளைக்கு வரமுடியாது போல... இல்ல சார், பெஞ்சு எல்லாம் ரெடி. வண்டிதான் கொஞ்சம்... சேச்சே, பெருசா ஒண்ணும் இல்ல. வண்டி ஓடும் சார்.” அவன் அவளைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். “வீட்லதான் பயப்படுறாங்க. மலைப் பாதைன்னதும்... பொம்பளைங்க மனசு, உங்களுக்குத் தெரியாததா.” சிரித்தான். அந்தப் பக்கமும் ஒரு ஆண் சிரிப்பு கேட்டது.

அவள் நடந்துபோய் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கினாள் என்றும் சொல்லலாம்.

“சார், வணக்கம். வீட்ல பயப்படலை. நான் வெல்டிங் இன்ஸ்பெக்டர் பேசுறேன். வண்டி சேஸிஸ் நாலு விரல் கிழிஞ்சிருக்கு. உங்க பாதையில பாதி தூரம் வந்திருந்தா பெஞ்சும் வந்திருக்காது, இவங்க ரெண்டு பேரும் வந்திருக்க மாட்டாங்க.” மூச்சு வாங்கினாள். கணவன் அசையாமல் நின்றான். அவனிடம் சொல்ல முடியாததை, முகம் தெரியாத ஒருவரிடம், அவன் காதில் விழும்படி சொன்னாள். “செஞ்சது அவர் தப்பு. மூணு வாரமா தப்புன்னு தெரிஞ்சும் பாத்துக்கிட்டே இருந்தது என் தப்பு. வேணும்னேதான் இருந்தேன். பயந்தது யாருன்னு கேட்டா, இப்பதான் எனக்குப் பயமா இருக்கு.”

தலைமையாசிரியர், சிரிப்பெல்லாம் போன குரலில், “சரிம்மா. சரிபண்ண எத்தனை நாளாகும்?” என்று கேட்டார்.

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். “எத்தனை நாளாகும்னு கேக்குறாரு.”

“என்னைய ஏன் கேக்குற? அதான் இன்ஸ்பெக்டர் இருக்கியே.” அவன் கையில் தகடு இன்னும் இருந்தது. முகம் இறுகிப்போயிருந்தது.

“செய்யப்போறது நீங்க. கேட்டாச் சொல்லுங்க.”

அவன் தகட்டைப் பார்த்தான், விரிசலைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான். “ஒரு வாரம்” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் போனைக் காதில் வைத்தாள். “பதினஞ்சு நாள் ஆகும் சார்.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற இருவரும் சிரிக்கவில்லை.